பாப்பாவிடம் மட்டும் பொய் சொன்ன தொட்டி

மார்ச் 2, திங்கள்

இங்கே நான் எழுதப்போவது யாரும் நம்பாத கதை. என் தலையில் நானே அடித்துச் சத்தியம் செய்கிறேன். பத்து வருஷம் கழித்து நானே படித்தாலும், இந்த ஆளுக்கு வேறு வேலையே இல்லை என்று மூடிவைத்துவிடுவேன். இருந்தாலும் எழுதுகிறேன். வீட்டில் சொல்ல ஆரம்பித்தால் அக்காவுக்கு அடுப்பு ஞாபகம் வந்துவிடுகிறது. வேலையிடத்தில் ஆரம்பித்தால் எல்லாருக்கும் டீ ஞாபகம் வந்துவிடுகிறது. காகிதத்துக்குக் கால் கிடையாது, எழுந்து போகாது.

விஷயம் இதுதான். எங்கள் சோப்புத் தொழிற்சாலையில் ஒரு தொட்டி பொய் சொல்கிறது. எல்லாரிடமும் இல்லை. என் அக்கா மகள் பாப்பாவிடம் மட்டும்.

தொட்டி என்றால் ஏதோ மாடித் தண்ணீர்த் தொட்டி என்று நினைத்துவிடக் கூடாது. பாத்திரம் கழுவும் திரவம் பிறந்து வளரும் அரண்மனை அது. கவிழ்த்துவிட்டால் ஏழு கடலும் நுரை தள்ளி, திமிங்கிலங்கள் எல்லாம் எலுமிச்சை வாசத்தோடு திரியும். அதன் உச்சந்தலையில் ஒரு சென்சார் உட்கார்ந்திருக்கிறது. உள்ளே எவ்வளவு சரக்கு இருக்கிறது என்று பார்த்து, இரண்டே கம்பி வழியாகக் கட்டுப்பாட்டு அறைக்குச் சேதி அனுப்பும். சேதி என்பது கரண்ட்தான். நாலு மில்லியாம்பியர் வந்தால் தொட்டி காலி. இருபது வந்தால் நிறைந்துவிட்டது. பன்னிரண்டு என்றால் சரிபாதி. பதினேழரையைத் தாண்டினால் வழியப்போகிறது என்று பயந்து பம்ப் தானாக நின்றுவிடும். பம்ப் நின்றால் பாட்டில் நிரப்பும் வரிசை நிற்கும். வரிசை நின்றால் என் அத்தான் கத்துவார். இந்தத் தொழிற்சாலையில் பழுதே இல்லாமல் ஓடுவது அந்தக் கடைசி இயந்திரம் ஒன்றுதான்.

அத்தான் என்பது என் அக்காவின் கணவர். இங்கே உற்பத்தி மேலாளர். நான் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன், அதாவது மல்டிமீட்டர் ஏந்திய மகாராஜா. குடியிருப்பதும் அவர் வீட்டு மாடி அறையில். ஆகவே காலையில் சாப்பாட்டு மேசையில் ஆரம்பிக்கும் திட்டை வேலையிடத்தில் தொடர்ந்து, மாலையில் வாசலில் செருப்பைக் கழற்றும்போது முடிப்பார். இப்படி இடைவிடாத சேவை உலகத்தில் எந்த மைத்துனனுக்கும் கிடைத்ததில்லை.

இன்று காலை தொட்டி பாதிதான் இருந்தது. திரை மட்டும் ஏறிக்கொண்டே போய், பம்ப் நின்றது. அப்போது கட்டுப்பாட்டு அறையில் இருந்தது பாப்பா. நான் மீட்டரைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் மேலே ஏறி அளந்தேன். பன்னிரண்டு. திரையிலும் பன்னிரண்டு. மாசு மருவற்ற பன்னிரண்டு.

ஷிப்ட் என்ஜினியர் பாப்பாவைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம்.

மார்ச் 3, செவ்வாய்

எழுதாமல் விட்டதை இன்று எழுதிவிடுகிறேன்.

பாப்பாவுக்கு இருபத்தாறு வயது. இன்னும் பாப்பாதான். கல்யாணமாகிப் போனவள், ஒரு சூட்கேஸோடு திரும்பி வந்தாள். சண்டையா என்று அக்கா கேட்டாள். இல்லை என்றாள். அடிச்சாரா என்றாள். இல்லை என்றாள். அப்புறம் என்னடி என்று கேட்டதற்கு, காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"வேலைக்குப் போறப்ப வெளியிலேருந்து பூட்டிட்டுப் போவாரும்மா. சாயந்தரம் வந்துதான் தொறப்பாரு."

அத்தான் செய்தித்தாளை மடக்காமலேயே சொன்னார், பாதுகாப்புக்குத்தான் பூட்டியிருப்பார் என்று. பாப்பா நறுக்கின காயை மறுபடி நறுக்கினாள்.

பிறகு அத்தான் ஒரு ஏற்பாடு செய்தார். ஏற்பாடு செய்வதில் அவர் மன்னர். தொழிற்சாலையில் பயிற்சி ஆபரேட்டர் இடம் ஒன்று காலி. அதில் சேரட்டும். மார்ச் கடைசியில் நிரந்தரம் ஆனால் இங்கேயே இருக்கட்டும். ஆகாவிட்டால் மாப்பிள்ளை வந்து கூட்டிப்போவார். மாப்பிள்ளையும் சம்மதித்துவிட்டார். பெருந்தன்மை.

ஆக, தொட்டி பொய் சொன்னால் நிற்பது பம்ப் மட்டும் இல்லை.

மார்ச் 5, வியாழன்

மறுபடி நின்றது. மறுபடி பாப்பாவின் ஷிப்ட். பயிற்சியில் இருப்பவர்களுக்கு எப்போதும் காலை ஷிப்ட்தான், ஆகவே மாற்றிப் பார்க்கவும் வழி இல்லை. மாலையிலும் இரவிலும் இதே தொட்டி குழந்தை மாதிரி தூங்குகிறது.

இன்றைய என் படையெடுப்பை வரலாற்றுக்காகப் பதிவு செய்கிறேன்.

தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய ஆட்கள் பார்வையிட வருகிறார்களாம். அதற்காகத் தொட்டிக்கூடம் முழுக்கத் தினமும் காலையில் கழுவச் சொல்லி அத்தான் உத்தரவு. கழுவும் ஆட்கள் தீயணைப்புப் படை மாதிரி குழாய் பிடித்துப் பீய்ச்சிக்கொண்டிருப்பார்கள். நான் வாசலில் காலை வைத்ததும் அவர்களுடைய மேஸ்திரி கையைத் தூக்குவார். "சார் மீட்டரோட வரார், தண்ணிய நிறுத்துங்கப்பா." அருவிகள் அடங்கும். இரு பக்கமும் ஒதுங்கி நிற்பார்கள். தரையில் நுரை விலகி வழி விடும். நான் நடுவில் நடப்பேன். இந்த மரியாதை அத்தானுக்குக்கூடக் கிடையாது. அவர் மீட்டர் ஏந்தவில்லையே.

ஏணி ஏறினேன். வாக்கி டாக்கியில் பாப்பாவைக் கூப்பிட்டு, பம்ப்பை பைபாஸில் போடச் சொன்னேன். அப்படிப் போட்டால்தான் நான் கம்பியைக் கழற்றும்போது எதுவும் நிற்காது. மீட்டரின் சிவப்பு முனையை மில்லியாம்பியர் துளைக்கு மாற்றினேன். சென்சாரிலிருந்து ஒரு கம்பியைக் கழற்றி, கம்பிக்கும் சென்சாருக்கும் நடுவில் மீட்டரை நுழைத்தேன். கரண்டை அளக்க வேண்டுமானால் ஓரமாக நின்று எட்டிப் பார்க்க முடியாது, அது ஓடும் பாதையில் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும்.

பதினொன்று புள்ளி ஒன்பது. திரையில்? அவளும் அதையே சொன்னாள். கம்பியைப் பூட்டினேன். இறங்கினேன். அருவிகள் மறுபடி திறந்தன.

குறை ஒன்றும் இல்லை என்று ஷிப்ட் என்ஜினியரிடம் சொன்னேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. சென்சாரில் குறை இல்லை என்றால், குறை யாரிடம்?

மார்ச் 8, ஞாயிறு

மாப்பிள்ளை வந்திருந்தார். பழம், பிஸ்கட், அக்காவுக்கு ஒரு புடவை. இவரைப் போல மெல்லப் பேசுகிறவர் பூமியில் இல்லை. டீ கப்பைக் கீழே வைத்தால் கப்புக்குக்கூட வலிக்காது. எனக்கு ஒரு முரடன் வேண்டியிருந்தது. முரடனாக இருந்தால் நான் என் முழு உருவத்தையும் காட்டி, மூன்று தெருவுக்குத் துரத்தியிருப்பேன்.

பாப்பா எதிரே உட்கார்ந்திருந்தாள். கதவைப் பற்றி அவராகவே பேச்செடுத்தார். இப்போது புதுப் பூட்டு மாற்றிவிட்டாராம். இழுத்துச் சாத்தினால் தானாகவே பூட்டிக்கொள்ளுமாம், சாவி திருப்ப வேண்டிய அவசியமே இல்லையாம்.

"அவளுக்கு இனிமே நான் பூட்டுற சத்தமே கேக்காது மாமா," என்றார் அத்தானிடம்.

நல்லது என்றார் அத்தான்.

மாதக் கடைசியில் காரோடு வருவதாகச் சொல்லிவிட்டு, செருப்பைக்கூட ஓசையில்லாமல் போட்டுக்கொண்டு போனார். அவர் கொண்டுவந்த பழம் இனிப்பாகத்தான் இருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 9, திங்கள்

நின்றது.

மார்ச் 12, வியாழன்

அத்தான் என்னையும் பாப்பாவையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். அங்கே அவர் அப்பா இல்லை, அத்தானும் இல்லை, மேலாளர். பாப்பா நின்றுகொண்டே இருந்தாள், உட்காரச் சொல்லவில்லை. இன்னொரு தடவை வரிசை நின்றால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். தன் மகள் என்பதற்காகக் கண்டும் காணாமல் விட்டார் என்று நாளைக்கு யாரும் பேசக் கூடாது என்றார். இதைச் சொல்லும்போது மேசையில் இருந்த பேனாக்களை நேராக அடுக்கினார். அவை நேராகத்தான் இருந்தன.

வெளியே வந்ததும், எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன். முட்டாள்தனமான கேள்வி. வேறு கேள்வி வரவில்லை.

"நாலு மாமா," என்றாள்.

எனக்குப் புரிந்தது. இந்தத் தொழிலில் காலித் தொட்டி பூஜ்யம் சொல்வதில்லை. பூஜ்யம் என்றால் கம்பி அறுந்தது, ஆள் போய்விட்டது என்று அர்த்தம். உள்ளே ஒரு சொட்டு இல்லாவிட்டாலும் நாலு என்று சொல்ல வேண்டும், உயிர் இருக்கிறது என்று தெரிவதற்கு. அவள் சேர்ந்த முதல் வாரம் நான்தான் இதைப் பெரிய ஞானி மாதிரி விளக்கினேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

மார்ச் 13, வெள்ளி

சென்சாரையே மாற்றிவிட்டேன். பழசு போய்ப் புதுசு. தொட்டிக்கு மகுடாபிஷேகம் செய்த மாதிரி இருந்தது. மேஸ்திரி கைதட்டாத குறை.

மார்ச் 14, சனி

புதுசும் அதே பொய்யைச் சொல்கிறது. திரை பதினேழு வரை ஏறியிருக்கிறது. நல்லவேளை, நான் கூடத்துக்குள் போன கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கிவிட்டது. வரிசை நிற்கவில்லை. என் மகிமையைக் கண்டு கரண்ட்டே பயந்து இறங்கியதாகக் கேன்டீனில் அறிவித்தேன். யாரும் சிரிக்கவில்லை. இந்த இடத்தில் என் நகைச்சுவையும் துருப்பிடிக்கிறது.

மார்ச் 15, ஞாயிறு

இன்று ஒரு காரியம் செய்தேன். எழுதத்தான் வேண்டும்.

பாப்பா மாடிக்கு வந்தாள், என் அறையில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வந்ததிலிருந்து அவள் கீழே தன் அறைக் கதவைச் சாத்துவதே இல்லை, உடை மாற்றக்கூட அக்கா அறைக்குத்தான் போகிறாள். நான் ரொம்ப யோசித்து, ரொம்ப நாசூக்காக — நாசூக்காம் — கேட்டேன்.

"திரையில ஏதாவது எண்ணை மாத்திட்டியா பாப்பா? தெரியாம எதையாவது தொட்டிருப்பியோ? சொன்னா நான் பாத்துக்கறேன்."

அவள் ஜன்னலிலிருந்து என் பக்கம் திரும்பினாள்.

"அப்பாகிட்ட கதவப் பத்தி சொன்னேன். பாதுகாப்புன்னார். உங்ககிட்ட தொட்டி ஏறுதுன்னேன். நீ எதையாவது தொட்டியான்னு கேக்கறீங்க." குரல் உயரவில்லை. "நான் சொல்றது எங்க போய் மாறுது மாமா? வாயிலேருந்து சரியாத்தான வருது?"

எழுந்து போய்விட்டாள். படியில் பாதியில் நின்று, திரும்பாமலேயே இன்னொன்று சொன்னாள்.

"நீங்க உள்ள போனாத்தான் அது இறங்குது. ஏன்னு யோசிச்சீங்களா?"

என் மகிமையால்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, சொல்லவில்லை.

ஏன்?

மார்ச் 16, திங்கள்

யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை. மூளையைக் கழற்றிச் சோப்புப் போட்டு அலசி மாட்டினால் தேவலை.

மார்ச் 17, செவ்வாய்

பதினேழு புள்ளி நாலு வரை ஏறி இறங்கியிருக்கிறது. ஒரு மயிரிழை. பாப்பா சாப்பிடவில்லை. அத்தானும் சாப்பிடவில்லை. அக்கா மூன்று பேருக்கும் பரிமாறிவிட்டு எல்லாவற்றையும் என் தட்டில் தள்ளினாள். குடும்பத்தின் துக்கத்தை நான் ஒருவனே சாப்பிட வேண்டியிருந்தது.

மார்ச் 18, புதன்

பேனா என்னை முந்திக்கொண்டு ஓடுகிறது. எழுத்து கோணிக்கொண்டு போகிறது. முதலிலிருந்து எழுதுகிறேன்.

காலையில் கிளம்பும்போது அக்கா வழிமறித்தாள். தினமும் நுரையில் தோய்ந்த சட்டையோடு வந்து நிற்கிறாயாம், துவைக்கத் துவைக்க நுரை அடங்கவில்லையாம். "இதப் போட்டுட்டுப் போடா, மனுஷனா திரும்பி வா," என்று அத்தானுடைய பழைய மழைக்கோட்டை என் மேல் மாட்டிவிட்டாள். பளீரென்ற மஞ்சள், முதுகில் ஒரு கறுப்புப் பட்டை, தலைக்கு முக்காடு. தொழிற்சாலையில் அந்த மாதிரிக் கோட்டு ஒரே ஆளிடம்தான் இருந்தது. முக்காட்டை இழுத்துவிட்டால் எனக்கு மூக்கு மட்டும்தான் வெளியே தெரியும்.

தொட்டிக்கூடத்துக்குள் கம்பீரமாக நுழைந்தேன். மீட்டர் கோட்டுக்குள் பத்திரமாக இருந்தது. மேஸ்திரி பார்த்தார். கையைத் தூக்குவார், அருவிகள் அடங்கும் என்று காத்திருந்தேன்.

அவர் நடுங்கிப்போய் ஆட்களிடம் கத்தினார். "மேனேஜரே வந்துட்டார்ப்பா. நல்லா அடிச்சுக் கழுவுங்க, சுவத்தையும் சேத்து."

மூலையில் சும்மா கிடந்த குழாயையும் திறந்துவிட்டார்கள். அப்படி ஒரு வெள்ளத்தை மனித குலம் பார்த்ததில்லை. தொட்டிகள் மிதக்காதது ஆச்சரியம். தூணின் பின்பக்கம், சுவரின் மேல்பக்கம், எலி வளை, சிலந்திக் கூடு, ஒன்றையும் விடவில்லை. நான்தான், மேனேஜர் இல்லை என்று கத்தினேன். தண்ணீர் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவமானம். இத்தனை நாள் கட்டிக்காத்த ராஜ மரியாதை ஒரு மழைக்கோட்டில் போய்விட்டதே என்று பொருமிக்கொண்டே ஏணியில் ஏறினேன்.

பாதி ஏணியில் வாக்கி டாக்கி அலறியது.

"மாமா, ஏறுது. பதினாறு. பதினாறரை."

"பைபாஸ்ல போடு. அப்புறம் பேசு."

"போட்டுட்டேன். பதினேழு. பதினேழு புள்ளி ஆறு. நீங்க எங்க இருக்கீங்க?"

மேலே இருந்தேன். கோட்டின் முக்காட்டைக் குடையாக்கி, மீட்டரை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, கம்பியைக் கழற்றி நடுவில் நுழைத்தேன். பன்னிரண்டு புள்ளி ஒன்று.

"உனக்கு இப்ப எவ்வளவு?"

"பதினேழு புள்ளி ஆறு. அப்படியே நிக்குது."

"எனக்குப் பன்னிரண்டு ஒண்ணு."

இத்தனை வாரமும் அவள் ஒரு நேரத்தில் பார்த்தாள், நான் ஒரு நேரத்தில் அளந்தேன். இரண்டு பேரும் ஒரே நொடியில் பார்த்ததே இல்லை. நான் வருவதைப் பார்த்தாலே தண்ணீரை நிறுத்திவிடுவார்களே.

நான் கம்பியை முழுசாக வெளியே இழுத்தேன். சென்சாருக்கும் உலகத்துக்கும் இனி சம்பந்தம் இல்லை. திரை செத்துப் பூஜ்யம் காட்ட வேண்டும்.

"இப்ப?"

"அஞ்சரை."

"நல்லாப் பாரு. கம்பி என் கையில இருக்கு பாப்பா."

"அஞ்சரைதான் மாமா. நான் பாத்துதான் சொல்றேன்."

என் கை அப்போது நடுங்கிய நடுக்கத்தில் ஏணி ஆடி, கூடம் ஆடி, பக்கத்து ஊரில் அலமாரிப் பாத்திரங்கள் உருண்டிருக்கும். யாருமே பேசாத கம்பியில் அஞ்சரை மில்லியாம்பியர் பேசிக்கொண்டிருந்தது. சென்சார் சொன்னது பன்னிரண்டு, சரி. திரையில் வந்தது பதினேழரைக்கு மேல், அதுவும் சரி. பன்னிரண்டும் அந்த அஞ்சரையும் சேர்ந்து வந்திருக்கிறது. நடுவழியில் யாரோ புகுந்து தன் பங்கையும் சேர்த்து அனுப்புகிறார்கள்.

கம்பி போன வழியைப் பிடித்துக்கொண்டே இறங்கினேன். தூணின் பின்னால், நெஞ்சு உயரத்தில், கட்டுப்பாட்டு அறைக்குப் போகும் கம்பிகள் இணையும் ஒரு சின்ன இரும்புப் பெட்டி. கேபிள் நுழையும் இடத்தில் ரப்பர் நசுங்கி ஒரு விரல் போகும் சந்து. குழாயின் பீச்சு நேராக அதில் அடித்துக்கொண்டிருந்தது. மூடியைத் திறந்தேன். ஒரு குடம் சோப்புத் தண்ணீர் என் காலில் கொட்டியது. உள்ளே இரண்டு கம்பிக்கும் பாலம் போட்டுக்கொண்டு நுரை. குழாயை நிறுத்தினால் அடியிலுள்ள ஓட்டை வழியாக வடிந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி ஆகிவிடும். நிறுத்த வைத்தது யார்? மீட்டர் ஏந்திய மகாராஜா.

முக்காட்டைத் தள்ளினேன். மேஸ்திரி என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகக் கையைத் தூக்கினார்.

நிறுத்தாதீங்க என்றேன். அத்தான் வந்து பார்க்கட்டும்.

மார்ச் 19, வியாழன்

நேற்று முடிக்க முடியவில்லை.

அத்தான் வந்தார். நான் ஒன்றும் விளக்கவில்லை. கழற்றிய கம்பியைக் காட்டினேன். வாக்கி டாக்கியை அவரிடம் கொடுத்தேன். பாப்பா எண்ணைச் சொன்னாள். அவர் பெட்டியைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், பிறகு என் மேல் இருந்த தன் பழைய மழைக்கோட்டைப் பார்த்தார். கழுவச் சொன்னது அவர். முகத்தில் ஒரு நிறம் போய் இன்னொரு நிறம் வந்தது.

இன்று காலைக் கூட்டத்துக்கு முன்னால் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். கூட்டத்தில் தலைமை அலுவலகத்துப் பெரியவர்கள் போனில் இருப்பார்கள். இத்தனை தடவை வரிசை நின்றதற்குக் காரணம் கேட்பார்கள்.

நான் பிரமாதமான சொற்பொழிவு ஒன்று தயாரித்து வைத்திருந்தேன். வெள்ளத்தில் ஆரம்பித்து, பேய்க் கரண்டில் ஏறி, பெட்டியைத் திறக்கும் இடத்தில் கேட்பவர்கள் நாற்காலியைப் பிடித்துக்கொள்வார்கள். நாற்பத்தொன்பது வருஷ வாழ்க்கையில் நான் செய்த ஒரே நிஜமான சாதனை. முதல் தடவையாகக் கூட்டிச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாத கதை.

அத்தான் பேனாக்களை அடுக்கினார்.

"என் உத்தரவாலதான்னு மேல போச்சுன்னா..." என்றார்.

இந்த மனிதரும் எங்கேயோ மாட்டிக்கொண்டுதான் இருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. தெரிந்ததால் விட்டுவிடவும் மனசு வரவில்லை.

"இன்ஸ்ட்ருமென்ட் பக்கக் கோளாறுன்னு நானே சொல்லிடறேன் அத்தான். நான்தான் கண்டுபிடிக்காம விட்டேன்னு சொல்றேன். பாப்பா இங்கயே இருக்கட்டும். மாப்பிள்ளைகிட்ட அத நீங்கதான் சொல்லணும். அக்கா சொல்லக் கூடாது, நானும் சொல்ல மாட்டேன்."

"அவர் ஒண்ணும் கெட்டவர் இல்லப்பா. பாதுகாப்புக்குத்தான்..."

"அத்தான். பூட்டு கதவுக்கு எந்தப் பக்கம் இருக்கு?"

அவர் சாத்திய தன் அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்துபோய் அதைத் திறந்து வைத்தார். ஏன் என்று அவருக்கே தெரிந்ததா, தெரியவில்லை.

கூட்டத்தில் கேட்டார்கள். எங்கள் பக்கக் கோளாறு, பெட்டியில் ஈரம், கவனிக்காதது என் தவறு என்றேன். மூன்றே வரி. என் ஆயுளில் நான் இவ்வளவு சுருக்கமாகப் பேசியதில்லை. ஆபரேட்டர் மேல் பிழை இல்லையே என்று போனில் யாரோ கேட்டார்கள்.

"இல்ல. அவங்க ஆரம்பத்திலேருந்தே சரியாத்தான் சொல்லிட்டிருந்தாங்க," என்றார் அத்தான்.

அவங்க. தன் மகளை.

மார்ச் 22, ஞாயிறு

மாப்பிள்ளை போன் செய்தார். அத்தான் வராந்தாவில் நின்று பேசினார். நாங்கள் மூன்று பேரும் சமையலறையில் ஒரே உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டிருந்தோம். அத்தான் முதலில் மென்று விழுங்கினார். பிறகு, வேண்டாம், வர வேண்டாம், அவள் விருப்பம் அது என்றார். அந்தப் பக்கம் என்னவோ மெல்லப் பேசியது, நெடுநேரம். அத்தான் கேட்டுக்கொண்டே இருந்தார். அக்கா கையில் கத்தி அசையவில்லை.

"நீங்க சொல்றது எனக்குக் கேக்குது," என்றார் கடைசியில். "அவ சொன்னதும் கேட்டுது."

வந்து உட்கார்ந்து, இன்னும் டீ போடவில்லையா என்று கத்தினார். எல்லாரும் ஒரே சமயத்தில் எழுந்தோம்.

ஏப்ரல் 1, புதன்

நிரந்தரம். பாப்பா வந்து சொன்னாள். முட்டாள்கள் தினம் என்பதால் நான் நம்பவில்லை என்றேன். அவள் என் முதுகில் ஒன்று வைத்தாள். வலித்தது. சந்தோஷம்.

ஏப்ரல் 11, சனி

தொழிற்சாலையில் எனக்குப் புதுப் பட்டம்: 'ஈரம்'. "ஈரம் சார், டீ ஆறுது." "ஈரம் சார், இந்தக் குழாய் ஒழுகுது, நீங்க பாத்தா நின்னுடும்." வாரக்கணக்கில் ஒரு பெட்டியைத் திறந்து பார்க்கத் தெரியாத டெக்னீஷியன். மேஸ்திரிக்கு மட்டும் என்மேல் பரிதாபம். பெட்டிக்குப் புது ரப்பர் போட்டு, மேலே ஒரு தகரக் கூரையும் வைத்தாகிவிட்டது. அரண்மனை மாதிரி இருக்கிறது.

சொற்பொழிவு தொண்டையிலேயே கிடக்கிறது. பாப்பாவிடம் சொல்லலாமென்றால் அவளுக்குத் தெரிந்த கதை. அக்காவிடம் சொன்னால் அடுப்பு. நான் மட்டும் அதே மாடியறை, அதே அத்தான், அதே தொட்டி. இப்போது பட்டமும் சேர்ந்துகொண்டது. போகட்டும். இதை இங்கே எழுதுகிறேன் என்று யாருக்கும் தெரியாது.

ஏப்ரல் 26, ஞாயிறு

பாப்பா தனியாக ஓர் அறை எடுத்துப் போய்விட்டாள், பாட்டில் வரிசையில் வேலை செய்யும் பெண்ணோடு. அக்கா அழுதாள். அத்தான் கட்டிலைத் தூக்கிக்கொண்டு தானே படியேறினார். நான் ஒரு தலையணையைச் சுமந்து இமயம் ஏறியவன்போல் மூச்சு வாங்கினேன்.

மே 4, திங்கள்

வேலை முடிந்து பாப்பாவைப் பார்த்துவிட்டு வரலாமென்று போனேன். அறையில் அவள் இல்லை. கூட இருக்கும் பெண் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள். எங்கே என்று கேட்டேன்.

"வெளிய போயிருக்கா."

"எங்க?"

"எங்கன்னு இல்ல. தினமும் இப்படித்தான், சும்மா நடந்துட்டு வருவா. எப்ப வருவான்னு தெரியாது."

எப்போது வருவாள் என்று தெரியாது. இதைவிட நல்ல செய்தி நான் கேட்டு நாளாகிறது. காத்திருக்கவில்லை. தெருமுனை வரை வந்து, அவள் எந்தப் பக்கம் போயிருப்பாள் என்று நாலு பக்கமும் பார்த்தேன். எந்தப் பக்கமும் போயிருக்கலாம்.

திரும்பி வந்து இதையெல்லாம் முதலிலிருந்து படித்தேன். திமிங்கிலங்கள் எலுமிச்சை வாசத்தோடு திரிந்ததில்லை. என் வருகைக்கு நுரை விலகி வழி விட்டதில்லை, வழுக்கித்தான் விழுந்திருக்கிறேன். பக்கத்து ஊரில் பாத்திரங்கள் உருளவில்லை. பெட்டியிலிருந்து கொட்டியது குடம் இல்லை, ஒரு டம்ளர் இருக்கும்.

இதில் ஒரு சின்னப் பகுதி மட்டும் நிஜம். பாப்பா சொன்ன பகுதி.